கொக்காவில் முதல் 45 பாகை வரை: வன்னியில் ஒரு சிறு தொலைக்காட்சி எழுந்து விழுந்த விதம்

2007 ஏப்ரலில் விடுதலைப் புலிகளின் தமிழீழ தேசியத் தொலைக்காட்சியின் படம் இன்ரெல்சாற்-12 செய்மதியில் இல்லாமல் போனது. கமராவிலோ கலையகத்திலோ கோளாறு எதுவும் இல்லை. கலையகத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் நடுவே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரப் பாதையில் ஒரு கண்ணி அறுந்தது. அந்தக் கண்ணி நிலையத்துக்குச் சொந்தமானதல்ல. பதினேழு வருடம் முன்பு கொக்காவிலில் அறுந்ததும் அதே இடத்துக் கண்ணிதான். அன்று அது ஓர் இரும்புக் கோபுரம்.

ஒரு சிறு ஒளிபரப்பு வலையமைப்பை ஆராய வருபவர்கள் நிகழ்ச்சி, பணம், ஆட்கள் என்று தொடங்குவது வழக்கம். வன்னியைப் பொறுத்தவரை அது தலைகீழ். இங்கே கேட்க வேண்டிய முதற்கேள்வி, படத்தைச் சுமந்துசெல்வது எது, அதன் திறப்பு யார் கையில் என்பதுதான்.

பூமியின் வளைவு

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13இல் சுயாதீனத் தொலைக்காட்சியோடு தொடங்கியது. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் வந்தது. அதன் தலைமைப் பரப்பி நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையில், 2,524 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் இருந்தும் வன்னிக்கு ஏன் தனிக் கோபுரம் தேவைப்பட்டது?

கணக்கு எளிது. அன்ரெனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் வானொலி அலையின் அடிவானம் கிலோமீற்றரில் கிடைக்கும். பரப்பிக்கு ஒன்று, வாங்கிக்கு ஒன்று எனப் பார்த்து இரண்டையும் கூட்ட வேண்டும். பிதுருதலாகலைக்கு 207 கிலோமீற்றர், வீட்டில் 10 மீற்றர்க் குழாயில் கட்டிய அன்ரெனாவுக்கு 13. மொத்தம் 220. வவுனியா அங்கிருந்து ஏறத்தாழ 195 கிலோமீற்றர். ஓரளவு தெளிவோடு படம் வரும். கிளிநொச்சியோ 265 கிலோமீற்றருக்கு மேல். படம் பூமியின் வளைவுக்குப் பின்னால் நின்றுவிடும். குழாயை 20 மீற்றருக்கு உயர்த்தினாலும் கூடுவது 5 கிலோமீற்றர்தான். தென்னையில் ஏறிக் கட்டியவர்கள் கண்டது பெரும்பாலும் 'பூச்சி' பறக்கும் திரைதான். சில இரவுகளில் காலநிலையின் தயவால் படம் வரும், விடிந்தால் போய்விடும்.

இதற்கு மருந்தாக வந்ததே ஏ-9 வீதியில் மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையிலான கொக்காவில் அஞ்சல் நிலையம், அதாவது ஒளிபரப்பை வாங்கி மறுபடி பரப்பும் நிலையம். இடத்தெரிவில் பிழை சொல்ல முடியாது. கொக்காவிலிலிருந்து நேர்கோட்டில் முல்லைத்தீவு ஏறத்தாழ 43 கிலோமீற்றர், வவுனியா 57, யாழ்ப்பாணமும் மன்னாரும் 63, 64. இப்போது அங்கு நிற்கும் 174 மீற்றர்க் கோபுரத்தின் எட்டத்தை அதே வாய்பாட்டில் பார்த்தால், 10 மீற்றர் வீட்டு அன்ரெனாவோடு 67 கிலோமீற்றர் வருகிறது. வன்னியின் நான்கு மூலையையும் ஒரே இரும்பால் தொட வேண்டுமானால் கவராயத்தின் முள்ளை ஊன்ற வேண்டிய இடம் அதுதான்.

அந்த நன்மைக்கு ஒரு விலை இருந்தது. நடுவில் இருப்பது என்றால் காட்டுக்கு நடுவில் இருப்பது என்று பொருள். அஞ்சல் நிலையத்தைப் பரப்பி மட்டும் வாழவைக்காது. பரப்பியும் குளிரூட்டியும் சேர்ந்து 30 கிலோவாற் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்வழி அறுந்த நாளில் 18 மணித்தியாலம் ஓட 540 அலகு தேவை. டீசல் மின்பிறப்பாக்கி ஓர் அலகுக்கு 0.3 லீற்றர் அளவில் குடிக்கும். ஆக நாளொன்றுக்கு 160 லீற்றர், மூன்று நாளைக்கு இரண்டரைப் பீப்பாய். அது வருவதற்கு ஒரே வீதி. வீதி மூடினால் முதலில் டீசல் தீரும், பிறகு காவல் நிற்பவர்களுக்குத் தண்ணீர் தீரும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது கொக்காவிலில் நடந்தது அதுதான். நிலையத்தைக் காத்த இராணுவ முகாம் முற்றுகையிடப்பட்டு ஜூலை 11இல் விழுந்தது. கோபுரமும் போனது.

கசற் போன வழி

அதன்பின் வந்த பதினைந்து வருடத்தை விரைவாகக் கடக்கலாம். வன்னியில் மின்சபையின் மின்சாரம் இல்லை. எரிபொருளுக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம். ரீவிக்கு டைனமோ போதாது. சைக்கிள் டைனமோ தருவது 3 வாற், கறுப்புவெள்ளைச் சின்னப் பெட்டிக்கே 15, 20 வாற் வேண்டும்.

விடுதலைப் புலிகளின் நிதர்சனம் பிரிவு 'ஒளிவீச்சு' என்ற பெயரில் காணொளிச் சஞ்சிகை வெளியிட்டது. ஒளிபரப்பு அலை இல்லாத இடத்தில் வி.எச்.எஸ். கசற்றே அலை. கசற்றுக்கு அடிவானம் கிடையாது, ஆனால் படியெடுக்கும்போது தேய்மானம் உண்டு. மூலப் பிரதியிலிருந்து எடுத்த முதற்படி நன்றாக இருக்கும். படியிலிருந்து படி எடுத்து மூன்றாம் தலைமுறைக்கு வந்ததும் சிவப்பு நிறம் ஓரத்தில் வழியும், எழுத்துகள் மங்கும், படத்தின் மேல்விளிம்பு கொடிபோல் வளையும். மூன்று மணி நாடாவைப் படியெடுக்க மூன்று மணி நேரமே ஆகும். பத்து டெக் வைத்தால் பத்துப் படி. அதற்கு மேல் வேகமில்லை.

மேற்குக் கரையில் இன்னொரு வழி இருந்தது. இராமேஸ்வரத்தில் தூர்தர்ஷனின் 323 மீற்றர்க் கோபுரம் எழுந்த பிறகு அதன் அடிவானம் 87 கிலோமீற்றர். தலைமன்னாருக்கு அது பக்கத்து வீடு. பூநகரிக்கு 100 கிலோமீற்றர், கணக்குப்படி எட்டாது. ஆனால் பாக்குநீரிணைக்கு மேல் சூடான காற்று குளிர்ந்த காற்றின் மேல் படுக்கும் இரவுகளில் அலை குழாய்க்குள் போவதுபோல் வளைந்து வரும். அரசியல் எல்லையைப் பற்றிக் காற்றுக்குக் கவலையில்லை.

கூரையில் ஒரு கிண்ணம்

2002 போர்நிறுத்தம் ஏ-9ஐத் திறந்தது. பொருள் வந்தது, எரிபொருள் வந்தது, கிளிநொச்சி ஒரு நிர்வாக நகரமாகியது. தமிழீழ தேசியத் தொலைக்காட்சி 2005இல் ஒளிபரப்பத் தொடங்கியது. அது ஒரு போர்த்தரப்பின் அதிகாரபூர்வக் குரல். சுயாதீன ஊடகம் என்று அதை அளப்பது பொருந்தாது. ஆனால் ஒளிபரப்புப் பொறியியலின் பார்வையில் அது ஒரு தனி அலைவரிசை கொண்ட சிறு வலையமைப்பு, செய்மதியை மட்டும் நம்பியது.

அந்த முடிவின் நியாயம் விளங்கக்கூடியதே. கொக்காவில் போன்ற கோபுரம் வானத்திலிருந்து தெரியும், குண்டுக்கு எட்டும். செய்மதிக்கு அந்தப் பயம் இல்லை. அதே அலை வன்னிக்கும் எட்டும், புலம்பெயர்ந்தோருக்கும் எட்டும். ஒரு கோபுரம் 67 கிலோமீற்றர் கொடுக்கும் இடத்தில் ஒரு கற்றை கண்டத்தைக் கொடுக்கிறது.

இன்ரெல்சாற்-12 என்பது 2000 அக்டோபரில் யூரோப்ஸ்ரார்-1 என்ற பெயரில் ஏவப்பட்டு, பின்னர் கைமாறிய செய்மதி. இடம் கிழக்கு நெடுங்கோடு 45 பாகை. இத்தகைய ஒளிபரப்பின் சங்கிலி இப்படி: கலையக வெளியீடு எம்பெக்-2 குறியாக்கிக்குள் போய்ச் சுருங்கும். அங்கிருந்து அதை அலையில் ஏற்றும் பண்பேற்றி, பிறகு 14 கிகாஹேர்ட்ஸ் பகுதிக்கு உயர்த்தும் மாற்றி, மின்வலுப் பெருக்கி, கடைசியில் மேலேற்றுக் கிண்ணம். செய்மதி அதை வாங்கி, 11 அல்லது 12 கிகாஹேர்ட்ஸ் பகுதிக்கு இறக்கி, பெருக்கித் திருப்பி அனுப்பும். அக்காலத்தில் ஒரு தனி அலைவரிசைக்குச் செக்கனுக்கு 30 இலட்சம் குறியீடு, அதில் முக்கால் பங்கு தரவு, கால் பங்கு பிழைதிருத்தம் என்பது வழக்கமான அளவு. அதில் செக்கனுக்கு 41 இலட்சம் பிற்றுக்குச் சற்று மேல் பயன்படும். பிடிக்கும் அகலம் 4 மெகாஹேர்ட்ஸ். 36 மெகாஹேர்ட்ஸ் அகலமான ஒரு செய்மதிப் பட்டையில் அது ஒன்பதில் ஒரு பங்கு, பெரிய வளவின் மூலையில் ஒரு கொட்டில் போல.

வாங்கும் பக்கத்தில்தான் வன்னியின் தனித்தன்மை வெளிப்படுகிறது. கிளிநொச்சியிலிருந்து 45 பாகைச் செய்மதியைப் பிடிக்கக் கிண்ணம் நோக்க வேண்டியது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 257 பாகை, அதாவது மேற்கிலிருந்து 13 பாகை தெற்கே. அடிவானத்திலிருந்து ஏற்றம் 47 முதல் 48 பாகை. பக்கக் குவியக் கிண்ணத்தில் குவியம் 22 முதல் 25 பாகை விலகி இருப்பதால் அதன் முகம் பார்வைக்கு நிமிர்ந்தே நிற்கும். 48 பாகை என்று வாசித்துவிட்டு முகத்தையே 48 பாகைக்குச் சரித்தால் கிண்ணம் செய்மதிக்கு மேலே வெறும் வானத்தைப் பார்க்கும். கம்பம் செங்குத்தாக நிற்கிறதா என்று நான்கு பக்கமும் தூக்குக்குண்டு வைத்துப் பார்க்காமல் தொடங்கினால், ஏற்ற அளவுகோல் பொய் சொல்லும். கிடையாக இடம்வலம் தேடும்போது ஏற்றமும் கூடவே மாறும்.

அதைவிடப் பெரிய சிக்கல், கிண்ணத்தின் குவியத்தில் அலையை வாங்கிப் பெருக்கும் தலையான எல்.என்.பி.யின் சுழற்சி. ஐரோப்பாவுக்காக எழுதிய கையேடுகள் பத்து, இருபது பாகை திருப்பச் சொல்லும். வன்னி பூமத்திய கோட்டுக்கு 9 பாகைதான் வடக்கே. செய்மதியோ 35 பாகை மேற்கே. அதன் முனைவாக்கம், அதாவது அலை அதிரும் தளம், பூமத்திய கோட்டுக்கு நேராக இருந்தால், வரவேண்டிய சுழற்சி ஏறத்தாழ 74 பாகை. எல்.என்.பி.யைத் திருப்பாமல் நிமிர்த்திப் பூட்டினால் கிடையும் செங்குத்தும் ஏறக்குறைய இடம்மாறிவிடும். திசையும் ஏற்றமும் சரியாக இருந்தும் படம் வராமைக்கு இதுவே முதற்காரணம். கிண்ணத்தை ஆட்டிக்கொண்டே இருப்பவர்களுக்கு இது கடைசிவரை பிடிபடாது.

அடுத்தது கம்பி. ஆர்.ஜி.-6 வடம் 30 மீற்றர் வரை பயமில்லை. எல்.என்.பி. 55 டெசிபெல் பெருக்கித் தருவதால் வடத்தின் இழப்பைத் தாங்கும். தாங்காதது தண்ணீர். மாரியில், ஐப்பசி தொடங்கி மார்கழி வரை, வடத்தின் முனையிலுள்ள எஃப் இணைப்பியின் வாய்வழி இறங்கும் நீர் பின்னல் உறைக்குள் ஊர்ந்து செம்பைப் பச்சையாக்கும். மின்தடை கூடும். முனைவாக்கத்தைத் தெரிவுசெய்ய வாங்கி 18 வோல்ற் அனுப்பினாலும் மேலே போய்ச் சேர்வது குறையும். 15 வோல்ற்றை அண்டினால் எல்.என்.பி. எந்த முனைவாக்கத்தில் நிற்பது என்று தடுமாறும். படம் வந்து வந்து போகும். வடத்தை இணைப்பிக்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் நீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும். செலவில்லாத வைத்தியம், ஆனாலும் பலர் செய்வதில்லை.

மழையே இன்னொரு திரை. 12 கிகாஹேர்ட்ஸில் கனத்த இடிமழை பல டெசிபெல்லைத் தின்னும். எண்முறைப் படம் மெல்ல மெல்ல மங்காது. கட்டம் கட்டமாக உடைந்து திடீரென்று நிற்கும். மார்ச் நடுவிலும் செப்டெம்பர் முடிவிலும் சில நாட்கள் பிற்பகலில் சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அந்தச் சில நிமிடங்களுக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பிறகு மின்சாரம். 21 அங்குலக் குழாய் ரீவி 100 வாற், வாங்கி 25. இரண்டையும் 12 வோல்ற் பற்றரியில் இன்வேட்டர் மாற்றி மூலம் ஓட்டினால் இழப்போடு 12 அம்பியர் இழுக்கும். 60 அம்பியர்-மணிப் பற்றரியைப் பாதிக்குமேல் வடிக்கக் கூடாது என்பதால் கிடைப்பது இரண்டரை மணிக்கும் குறைவு. முழுதாக வடித்தவர்களின் பற்றரி விரைவில் சாகும். ஈயத்தட்டில் படிந்த கந்தகப் படிவு திரும்பக் கரையாது. சின்ன இரட்டையடிப்பு மின்பிறப்பாக்கி மணிக்கு அரை லீற்றரளவில் குடிக்கும், ஆனால் ரீவியைப் போடும் கணத்தில் வோல்ற் சரியும், வாங்கி அணைந்து மறுபடி தொடங்கும். ஆகவே முதலில் ரீவி, அது நிலைத்த பின் வாங்கி. ஒரு வீட்டுக்கு இவ்வளவு செலவென்றால் ஒரு கிண்ணத்தைச் சுற்றி ஒரு குறிச்சியே கூடுவது இயல்பு. அப்படியான வலையமைப்பின் பார்வையாளர் தொகையைக் கிண்ணங்களை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது.

அறுந்த கண்ணி

செய்மதிப் பட்டை பெரும்பாலும் வளைந்த குழாய் போன்றது. ஒரு வாய்க்குள் வந்ததை மறுவாயால் ஊற்றும். வந்தது யாருடையது என்று அது கேட்காது, பூட்டும் இல்லை. காவல் முழுவதும் நிலத்தில் இருக்கிறது, ஒப்பந்தத்திலும், அலைமாலையை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அலை இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்காணிப்பு நிலையத்திலும். யாரும் வாடகைக்கு எடுக்காத துண்டில் படத்தைச் சுமக்கும் ஒரு சுமப்பலை எழுந்தால் அது அலைமாலைத் திரையில் தட்டை நிலத்தில் பனைபோல் நிற்கும். பக்கத்துச் செய்மதியில் கசியும் அதே அலையோடு நேர வேறுபாட்டையும் மீடிறன் (அதிர்வெண்) வேறுபாட்டையும் ஒப்பிட்டு, அனுப்பும் இடத்தையும் கணிக்கலாம்.

இலங்கை அரசு முறையிட்டது. இன்ரெல்சாற் தன் செய்மதி அனுமதியின்றிப் பயன்படுத்தப்படுகிறது என்று கூறி, 2007 ஏப்ரலில் அந்த ஒளிபரப்பை நிறுத்தியது. திருட்டு என்பதைப் புலிகள் மறுத்தனர். இரு தரப்புச் சொல்லையும் ஒருபுறம் வைத்துவிட்டு அமைப்பை மட்டும் பார்த்தாலும் முடிவு வேறாக இருந்திருக்காது. இன்ரெல்சாற் நிறுவனத்தின் நிர்வாகத் தலைமையகம் அன்று வாஷிங்ரனில் இருந்தது. அமெரிக்கா விடுதலைப் புலிகளை 1997 அக்டோபரிலேயே வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டுவிட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் முறையான வாடகை ஒப்பந்தம் எழுதவே வழியில்லை. எழுத முடியாத ஒப்பந்தத்தின் மேல் நின்ற நிலையத்துக்கு முறையிட இடமில்லை, அறிவித்தல் காலம் இல்லை, நட்ட ஈடு இல்லை. அரசியல் நெருக்கடி வராவிட்டாலும் அந்தத் துண்டு ஒருநாள் காசு கொடுக்கும் வாடிக்கையாளருக்கு விற்கப்பட்டிருக்கும்.

எங்கள் கணிப்பில் இங்கேதான் திட்டத்தின் அடிப்படைப் பிழை. கோபுரத்தைக் குண்டுக்குப் பயந்து தவிர்த்தார்கள். அது சரியான பயம்: புலிகளின் குரல் வானொலி நிலையம் 2007 நவம்பர் 27இல் கிளிநொச்சியில் வான்தாக்குதலுக்கு இலக்காகி, அதன் பணியாளர்களும் பொதுமக்களும் கொல்லப்பட்டனர். ஆனால் செய்மதிக்கு மாறியதால் ஆபத்து நீங்கவில்லை, இடம் மட்டும் மாறியது. கோபுரத்தைச் சாய்க்கப் படை தேவை. செய்மதித் துண்டை நிறுத்த ஒரு கடிதமும் ஒரு கட்டளையும் போதும். கோபுரம் விழுந்தால் பக்கத்தில் ஒரு தற்காலிகக் கம்பமாவது நட்டு ஒரு ஊருக்காவது படம் காட்டலாம். 45 பாகையில் படம் நின்றபோது எல்லாக் கூரையிலும் ஒரே செக்கனில் நின்றது.

கிளிநொச்சி 2009 ஜனவரி 2இல் அரச படைகளிடம் வீழ்ந்தது. அந்த நகரத்தில் வேரூன்றிய எந்த ஊடகத்துக்கும் அதன்பின் நிலம் இல்லை.

திரும்பி வந்த இரும்பு

கொக்காவிலில் புதிய 174 மீற்றர்க் கோபுரம் 2011 ஜூன் 6இல் திறக்கப்பட்டது, அப்போது நாட்டிலேயே உயரமானதாக. பழையது ஓர் அரச அலைவரிசைக்காக நின்றது. இது பல தொலைக்காட்சி, வானொலி, தொலைபேசிச் சேவைகளைச் சுமக்கும் பொதுக் கோபுரம். பலர் பங்குபோடும்போது மின்பிறப்பாக்கிக்கும் காவலுக்கும் ஆகும் செலவு ஒருவர் தலையில் விழாது. 132 கிலோவோல்ற் மின்வழியும் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு நீண்டது.

போருக்குப் பின் எழுந்த சிறு கேபிள் வலையமைப்புகளின் சிக்கல் வேறு வகை. அவை சொந்தக் கம்பியில் ஓடுகின்றன. ஆனால் வன்னியில் வீட்டுக்கு வீடு வளவு. ஆர்.ஜி.-11 வடம் 550 மெகாஹேர்ட்ஸில் 100 மீற்றருக்கு 10 டெசிபெல் அளவில் இழக்கும், எனவே 300 மீற்றருக்கு ஒரு 30 டெசிபெல் பெருக்கி. நகரத்தில் அந்த 300 மீற்றரில் நாற்பது வீடு இருக்கலாம், குடியேற்றத் திட்டத்தில் பத்தே இருக்கும். பத்து வீட்டுச் சந்தா ஒரு பெருக்கியின் விலையையும், இடிமின்னல் மாதத்தில் அது எரிந்தால் மாற்றும் செலவையும் தூக்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் பெருக்கி வைத்தால் இரைச்சலும் 10 டெசிபெல் கூடும். கடைசி வீட்டுக்காரர் காசு கொடுத்துப் பூச்சிப் படம் பார்ப்பார், அடுத்த மாதம் சொந்தக் கிண்ணம் வாங்குவார்.

பழைய கிண்ணங்கள் வீணாகவில்லை. 93.5 பாகையில் நிற்கும் இந்திய இலவச ஒளிபரப்புச் செய்மதிக்கு அவற்றைத் திருப்பினால் போதும். திசை 257இலிருந்து 125க்கு, அதாவது தென்கிழக்குக்கு. ஏற்றம் 48இலிருந்து 71க்கு. இவ்வளவு ஏற்றத்துக்குச் சில பழைய தாங்கிகளின் பள்ளம் போதாது, ஓட்டையை நீட்டித் துளைக்க வேண்டிவரும். எல்.என்.பி. மேற்குப் பக்கம் 74 பாகை சாய்ந்து நின்றது, இப்போது எதிர்ப்பக்கம் 54 பாகை சாய வேண்டும். வந்த வழியே திருப்பினால் 128 பாகை. முனைவாக்கம் அரைச்சுற்றுக்கு ஒருமுறை தன்னையே ஒத்துவருவதால் மறுவழியாக 52 பாகை திருப்பினாலும் அதே படம் வரும். வடம் முறுகாமல் இருக்க இரண்டாவது வழியே நல்லது.